பஃபிங் வீலுக்கு மோட்டார்: மாட்டிய பிறகு தெரிந்தவை

பித்தளைத்தூசி:
பித்தளைக்குப் பாலிஷ் போடுகிற மெஷின்: 1 எச்பி, சிங்கிள் பேஸ் மோட்டார், நிமிடத்துக்கு 2880 சுற்று, 8 அங்குலத் துணி பஃப் (பாலிஷ் சக்கரம்). ஸ்விட்ச் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமும், சுற்றாது. வீலைக் கையால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடும். கெப்பாசிட்டர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. பின் கவரைக் கழற்றினால் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் (வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) பாயிண்டுக்கு நடுவே பஞ்சும் பாலிஷ் சோப்பு மெழுகும் அடை மாதிரி அப்பியிருக்கிறது. திறந்த பாடி மோட்டார், காற்றை உள்ளே இழுக்கிற வகை. பஃப் உதிர்க்கிற பஞ்சு வேறெங்கே போகும்?

கோவை வைண்டர்:
மூடிய பாடி, வெளியே ஃபேன் வைத்ததுதான் இதற்கு. ஆனால் இந்த ஸ்விட்ச் வைத்த கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் எதற்கு அண்ணே? பஃப் வீலுக்குக் கிளம்பும்போது லோடே கிடையாது. கெப்பாசிட்டர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கிற கெப்பாசிட்டர் ரன் மோட்டார் போதும்; அதில் அந்த ஸ்விட்ச்சே இல்லை. மூடிய மோட்டார் என்று சும்மா விடவும் கூடாது. ஃபேன் கவர் சல்லடையில் பஞ்சு அடைத்தால் பாடி சுடும், வாரம் ஒரு முறை பிரஷ் போடுங்கள். பேரிங் மாற்றும்போது தகடு மூடிய இசட்இசட் வேண்டாம், இடுக்கு வழியே தூசி புகும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

விளக்குத்தண்டு:
வேகத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. 8 அங்குல வீல் 2880-இல் ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 30 மீட்டர் சொச்சம். பித்தளைக்குப் பளபளப்பு வருவது அங்கேதான். அதே வீல் 1440 மோட்டாரில் 15 மீட்டர். சோப்பு வெட்டாது, ஆள் அழுத்துவான், ஆம்பியர் ஏறும், பழி மோட்டார் மேல். பஃப் தேய்ந்து 6 அங்குலமானால் வேகத்தில் கால் பங்கு போய்விடும், இதையும் கணக்கில் வையுங்கள். (அக்ரிலிக் பாலிஷ் போடுகிறவர்களுக்கு 1440 நல்லது, கூடினால் உருகி இழுபடும்.)

நீளமான குத்துவிளக்குத் தண்டு என்றால் நேரடி மோட்டாரே வேண்டாம், பாடி இடிக்கும். 1440 மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில் (வீல் மாட்டுகிற தனித் தண்டு) 3 அங்குலம், ஏ செக்‌ஷன் வி பெல்ட். ஸ்பிண்டில் 2880 ஓடும், சுற்றிலும் இடம் கிடைக்கும். வாஷிங் மெஷின் மோட்டார் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். பால் பேரிங் இல்லாமல் புஷ் வைத்தது பக்க அழுத்தம் தாங்காது. மிக்ஸி மோட்டார் அதைவிட மோசம்: பொருளை எடுத்ததும் வேகம் எகிறும்.

இடதுமரை:
ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டார். டேப்பர் ஸ்பிண்டில் (கூம்பு மரை முனை, பஃப் அதில் திருகி ஏறும்). வீலில் சொம்பை வைத்ததும் பஃப் தானாகக் கழன்று சுவரில் அடித்தது. ஸ்டார்ட்டிங் வைண்டிங் முனை மாறிப்போய் உல்ட்டாவாகச் சுற்றியிருக்கிறது. அந்த இரண்டு முனையை மாற்றினால் சரி. வீலின் மேல்புறம் நம்மை நோக்கி வரவேண்டும். அப்போது வலது முனைக்கு வலது மரை, இடது முனைக்கு இடது மரை. பொருளை வீல் மையத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும்.

மூன்றுபேஸ்:
பெல்ட்டெல்லாம் பழைய வழி சார். 3 பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலெக்ட்ரானிக் டிரைவ்) போட்டால் வீல் தேயத் தேய வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஒரே சிக்கல்: 230 வோல்ட் டிரைவ் 230-தான் தரும். 415 வோல்ட் ஸ்டார் இணைப்பை அப்படியே விட்டால் லேசாக அழுத்தினாலே நின்றுபோகும். பெயர்ப்பலகையில் 240/415 இருந்தால், டெர்மினல் பெட்டியில் மேல் வரிசை மூன்றையும் சேர்த்த பட்டையைக் கழற்றி மேலும் கீழுமாக மூன்று பட்டை போட்டு டெல்டா ஆக்குங்கள். சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டாரை டிரைவில் மாட்டாதீர்கள். டிரைவைத் தள்ளிச் சுவரில் பெட்டிக்குள் வையுங்கள், அதன் ஃபேனும் பஞ்சு தின்னும்.

விளக்குத்தண்டு:
பெல்ட் பழசுதான், ஆனால் 200 ரூபாய் சமாச்சாரம். டிரைவ் போனால் அன்றைய வேலையும் போச்சு.

பித்தளைத்தூசி:
சண்டை இருக்கட்டும். எந்த மோட்டாரானாலும் நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய் வந்தால் வீல் தானாகக் கிளம்பக் கூடாது. இன்னொன்று, 80 ஃபிரேம் (பாடி அளவு எண்) மோட்டாரின் ஷாஃப்ட் உயரம் 80 மில்லிமீட்டர், 8 அங்குல வீலின் ஆரம் 100-க்கு மேல். மேசை விளிம்பில் வீலை வெளியே நீட்டி மாட்டினால்தான் சுற்றும்.