அரிசோனா யுரேனியம் ஆலை மண்: தோண்டி அள்ளுவதா, செடி நடுவதா?

கரிசல்காடு:
அமெரிக்காவில் மான்யுமென்ட் வேலி என்ற பள்ளத்தாக்குப் பக்கம், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், 1955 முதல் 1968 வரை ஒரு யுரேனியம் ஆலை ஓடியது. கழிவுக் குவியலை 1994க்குள் அள்ளி, யூட்டாவில் மெக்சிகன் ஹேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் குவியல் கிடந்த இடத்து மண்ணில் அமோனியமும் நைட்ரேட்டும் தங்கிவிட்டன. நிலத்தடி நீரிலும் நைட்ரேட். அதைச் சுத்தம் செய்ய எரிசக்தித் துறை புதர்ச்செடி நட்டுப் பார்த்தது! எனக்குக் கண்துடைப்பாகத்தான் படுகிறது. லாரி வந்தபோதே இந்த மண்ணையும் அள்ளியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

வேர்க்கால்:
முடிந்திருக்காது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற வழியே போகும். மேலே எவ்வளவு அள்ளினாலும், கீழே நீரில் கலந்தது அங்கேயேதான் இருக்கும். அள்ளியதை எங்கே கொட்டுவீர்கள்? அங்கும் மழை பெய்யுமே.

கரிசல்காடு:
பாலைவனம் சார் அது. குழி வெட்டி மூடி போட்டால் போதும். செடி வளர்ந்து எப்போது உறிஞ்சி முடிப்பது? குடிநீரில் நைட்ரேட்டாக உள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது அங்கே வரம்பு. கைக்குழந்தை உள்ள வீட்டில் போய் "செடி வளரட்டும், பொறுங்கள்" என்பீர்களா?

வேர்க்கால்:
அந்தக் கேள்வி நியாயம். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. தோண்டினாலும் அது உண்டு. ஆனால் செடி மட்டுமே உறிஞ்சியது என்று நினைக்காதீர்கள். நட்டது சால்ட்புஷ் என்ற உள்ளூர்ப் புதர். பாய்ச்சிய தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே இறங்காதபடி அளந்து விட்டார்கள். இறங்கினால் நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும் அல்லவா? அப்புறம் நைட்ரஜன் ஐசோடோப்பை (எடை மட்டும் வேறுபட்ட நைட்ரஜன் அணுக்களை) வைத்துப் பார்த்தால், செடி எடுத்ததைவிட ஈர மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் வாயுவாக்கி விட்டதுதான் அதிகம். நிலத்தடி நீருக்கு எத்தனால் செலுத்தியும் சோதித்தார்கள். அதே நுண்ணுயிர்களுக்கு அது தீனி.

கரிசல்காடு:
வாயு என்றால் எந்த வாயு? பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. கார்பன் டையாக்சைடைப்போல் 270 மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு. மண்ணிலிருந்து காற்றுக்கு மாற்றியதற்குப் பெயர் சுத்தமா?

குலுக்குபுட்டி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இருவரும் அமோனியத்தை மறந்துவிட்டீர்கள். மண்ணை வெறும் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் நைட்ரேட் சுலபமாக வந்துவிடும். அமோனியம் களிமண் துகளைப் பிடித்துக்கொண்டு வராது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கினால்தான் விடும். அதை நுண்ணுயிர் முதலில் நைட்ரேட்டாக மாற்ற வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். அடுத்து நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கக் காற்று இருக்கக் கூடாது. ஒரே மண்ணில் இரண்டும் நடக்க வேண்டும். எந்த முறை என்பதற்கு முன், எந்த ஆழத்தில் எது எவ்வளவு என்று பாருங்கள்.

வேர்க்கால்:
இதை ஒத்துக்கொள்கிறேன். அமோனியம் கெட்டியாகத் தங்கிய திட்டு சின்னதாக, மேலாக இருந்தால் அதை மட்டும் அள்ளலாம். மற்றதற்குச் செடிதான்.

கரிசல்காடு:
சரி, அந்தத் திட்டுக்கு என் லாரி. ஆனால் நவஹோக்காரர்கள் ஆடு வளர்ப்பவர்கள். நைட்ரேட் ஏறிய தழையை ஆடு தின்றால்?

வேர்க்கால்:
அதனால்தான் வேலி. மேய்ச்சல் இல்லாவிட்டால் புதரும் அடர்ந்து வளர்ந்து, தண்ணீரை இன்னும் அதிகமாக இழுக்கும்.

கரிசல்காடு:
வேலிக்குள் போன மேய்ச்சல் நிலத்துக்கு என்ன ஈடு? அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு, அப்புறம் செடிதான் மலிவு என்று சொல்லுங்கள்.