குளிர் மண்ணில் ரைசோபியம் வேலை செய்யுமா?

காரைக்குடி உழவர்:
உளுந்து விதைக்குமுன் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (பயறுச் செடிகளின் வேரில் வாழ்ந்து தழைச்சத்து தரும் பாக்டீரியா) கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்துவது எங்கள் செம்மண் நிலத்தில் வழக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வசிக்கும் என் மருமகன், அங்கே பனி உருகியபின் மண் 5 பாகை செல்சியசு அளவிலேயே இருக்கும்போது பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் விதைக்கிறார்கள் என்கிறார். அந்தக் குளிரில் பாக்டீரியா எப்படித் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக் கொடுக்கிறது? நாம் பயன்படுத்துவதும் அதே பாக்டீரியாதானா?

மண்ணியல் மாணவி:
அதே பாக்டீரியா அன்று, ஐயா. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் உரியது பிராடிரைசோபியம். பட்டாணி, மைசூர்ப் பருப்பு இரண்டின் வேரிலும் முடிச்சிட்டு, அதற்குள் வாழ்ந்து நைட்ரஜன் தருவது ரைசோபியம் லெகுமினோசாரம். உளுந்துக்கான பாக்கெட் பட்டாணிக்குப் பயன்படாது.

குளிர் இந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடுவதில்லை. முடிச்சு உருவாவதைத்தான் தாமதப்படுத்துகிறது. வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களை உணர்ந்து பாக்டீரியா ஒரு வேதிச் சைகையை அனுப்ப, அதை ஏற்று வேர்த்தூவி சுருண்டு அதற்கு வழிவிடுகிறது. மண் குளிர்ந்தால் இந்தப் பரிமாற்றமே மந்தமாகிவிடும். வெப்ப நாட்டுப் பயிரான சோயாவில் வேர்ப்பகுதி 25 பாகைக்குக் கீழே இறங்க இறங்க முடிச்சு தாமதமாகும். பட்டாணி இன்னும் குளிர்ந்த மண்ணையும் தாங்கும். முடிச்சு வந்த பிறகும், காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேசு நொதி குளிரில் மெதுவாகவே இயங்கும். ஆகவே தொடக்க வாரங்களில் செடி விதையிலுள்ள சேமிப்பையும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரேட்டையும் கொண்டே வளர்கிறது. தாமதத்தைக் கண்டு பயந்து யூரியாவை அதிகமாக இட்டால், முடிச்சு வருவதே குறைந்துவிடும். இதை உங்கள் மருமகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்:
ஆர்க்டிக் பகுதியில் வளரும் அஸ்ட்ராகலஸ், ஆக்சிட்ரோபிஸ் போன்ற காட்டுப் பயறினச் செடிகளின் முடிச்சுகளிலிருந்தும் ரைசோபிய இனங்களைப் பிரித்தெடுத்துள்ளனர். குளிரில் விறைத்துப் போகாதபடி உயிரணுச் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொள்ளும் இயல்பு பாக்டீரியாக்களுக்கு உண்டு. பயறினம் அதிகம் இல்லாத வடக்குக் காடுகளில் தரைப் பாசிகளோடு (moss) வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்க்கும் பணியைச் செய்கின்றன. வட ஸ்காண்டிநேவியா, பின்லாந்து காடுகளில் இவை ஆண்டுக்கு எக்டேருக்கு 1.5 முதல் 2 கிலோ வரை நைட்ரஜன் சேர்ப்பதாக 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. பயிர் நிலத்துக்கு இது சிறிய அளவுதான். உரமே காணாத காட்டுக்கோ பெரும் வரவு.

காரைக்குடி உழவர்:
மிக்க நன்றி, அம்மா. முடிச்சு வேலை செய்கிறதா என்று என் மருமகன் எப்படி அறியலாம்?

மண்ணியல் மாணவி:
பூக்கும் பருவத்தில் வேர் அறுபடாமல் செடியைத் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அந்த நிறத்தைத் தரும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருக்கிறது, நைட்ரஜனும் நிலைநிறுத்தப்படுகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.