காலிஃப்ளோரி: 'தண்டுப்பூப்பு' வேண்டாம், 'பட்டைக்காய்ப்பு' என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அடிமரத்திலும் முற்றிய கொப்புகளிலும் (கிளைகளிலும்) பூத்துக் காய்க்கும் இயல்பை ஆங்கிலத்தில் காலிஃப்ளோரி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா 'தண்டுப்பூப்பு' என்று முன்வைத்திருந்தார்கள். மூலச் சொல்லுக்கு நேரானதுதான். ஆனால் நம் பேச்சில் தண்டு என்றால் வாழைத்தண்டு, கீரைத்தண்டு. பலாவைக் காட்டி, தண்டில் காய்த்திருக்கிறது என்று திருநெல்வேலிப் பக்கம் யாரும் சொல்வதில்லை. பூப்பு என்றாலும் வேறு பொருள்தான் முந்திக்கொண்டு வரும்.

அதே பேச்சில் அக்கா சொன்ன 'தூர்க்காய்ப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது; தூர் என்றால் மரத்தின் அடிப்பகுதி. பலாவுக்குச் சரி. வீட்டில் வளர்க்கும் ஜபோடிகாபாவுக்குப் போதாது. அது பிரேசில் மரம்; நாவல், கொய்யாவின் குடும்பம். பட்டை கொய்யாவுக்கு உரிவதைப் போலவே உரியும். அந்த வழவழப்பான மேனியில் சின்னச் சின்ன மொட்டுகள் கிளம்பி, பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகப் பூக்கும். அப்புறம் காம்பே தெரியாமல் கரும்பழங்கள் மரத்தோடு அப்பி நிற்கும், தூரில் தொடங்கித் தடித்த கொப்புகள் வரைக்கும். தூர் என்று சுருக்கினால் மேல்மரம் விடுபட்டுப் போகிறது.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்பது கவாத்தை, அதாவது கிளை வெட்டிவிடுவதை, நினைத்துத்தான். கொய்யா புதுத் தளிரில் காய்க்கும், வெட்டிவிட்டால் நன்றாகத் துளிர்த்துக் காய்க்கும். இதுவும் கொய்யாக் குடும்பம்தானே என்று பழைய கொப்புகளை வெட்டித் தள்ளினால் காய்க்கிற இடமே போய்விடும். விதைக் கன்று முதல் காய் காட்டவே 8 வருடம், அதற்கு மேலும் ஆகும். காய்ப்பு எங்கே என்பதைச் சொல்லே காட்டிவிட்டால் கத்தரி தானாக நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை 'பட்டைக்காய்ப்பு'. அடிமரம், கொப்பு இரண்டிலும் பட்டை உண்டு. நுனித் தளிர் தானாக விலகிவிடுகிறது. பலா, அத்தி, நாகலிங்கம், கொக்கோ எல்லாம் இதில் அடங்கும். 'பட்டைப்பூத்தல்' என்றும் யோசித்தேன். ஆனால் அத்தி பூத்ததை யார் பார்த்தார்கள்? அதன் பூவெல்லாம் காய்க்குள்ளேயே இருக்கிறது. மளிகைக்கடைப் பட்டை நினைவுக்கு வருமே என்று தம்பி கேட்கலாம். பின்னால் காய்ப்பு வந்ததுமே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழத்தைப் பிரேசில் திராட்சை என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுவோம். இது கொடியுமில்லை, திராட்சைக்கு உறவுமில்லை. குற்றாலம் சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் என்று பெயர் சொல்லித்தானே வாங்குகிறோம்? ஜபோடிகாபாவும் அப்படியே இருக்கட்டும்.

  

இன்னொன்று பாக்கி. அடிமரத்தில் இல்லாமல் முற்றிய கிளைகளில் மட்டும் பூப்பதை ரேமிஃப்ளோரி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். 'கொப்புக்காய்ப்பு' என்றால் மற்ற மாவட்டத்தாருக்குப் புரியுமா? கொப்பு என்று புழங்காத ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து