புதுப்பிப்பு: லினக்ஸில் கேமுக்கு மட்டும் சத்தம் வராத பிரச்சினை தீர்ந்தது

ஹட்டனில் தம்பியின் உபுண்டு 24.04 லேப்டாப்பில் பிரவுசரில் பாட்டு கேட்கிறது, வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓடும் பழைய 32-பிட் கேமில் மட்டும் சத்தமே இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரி.

உபுண்டுவில் சத்தத்தைக் கையாளும் பைப்வயர் சர்வரைத் தூக்கிவிட்டு, அதற்கு முந்தைய சர்வரான பல்ஸ்ஆடியோவைப் போடச் சொன்னவர்களே அதிகம். அது தேவைப்படவில்லை. வைன் பல்ஸ்ஆடியோவிடம்தான் பேசப் பார்க்கும். பைப்வயரின் ஒரு பகுதியான பைப்வயர்-பல்ஸ் அந்த இடத்தில் நின்று பதில் சொல்லும். டெர்மினலில் 'பேக்டிஎல் இன்ஃபோ' (pactl info) அடித்துப் பார்த்தேன். சர்வர் பெயர் 'பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர்)' என்று வந்தது, அதாவது சர்வரில் குறையில்லை. இல்லாமல் இருந்தது, நிரல்கள் அந்தச் சர்வரிடம் பேசப் பயன்படுத்தும் லிப்பல்ஸ் நூலகத்தின் 32-பிட் பதிப்பு, அதாவது ஐ386 பொதி (libpulse0:i386). 64-பிட் இருந்தும் இந்தக் கேமுக்கு அதனால் பயனில்லை.

அதைப் போட்டதும் சத்தம் வந்தது, ஆனால் தகரத்தில் மழை கொட்டுவது போல ஒரே கரகரப்பு. (இங்கே வெளியிலும் அதே சத்தம்தான், கொஞ்சம் குழம்பித்தான் போனோம்.) 'பல்ஸ்_லேட்டன்சி_எம்செக்' (PULSE_LATENCY_MSEC) என்ற சூழல் மாறிக்கு 60 (மில்லிசெகண்ட்) கொடுத்துக் கேமைத் திறந்தோம், கரகரப்பு போய்விட்டது. பஃபர் (சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) பெரிதாவதால் சத்தம் கொஞ்சம் பிந்தும். கார் ரேஸுக்குப் பரவாயில்லை. தாளத்துக்கு ஏற்ப பட்டன் தட்டும் கேம் என்றால் எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.