கொழுந்துக் கிலோவை மட்டும் வைத்துப் புள்ளி போடலாமா?

பணியக்கணக்கு:
இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுப்பவர்களுக்கு வருடக் கடைசி ஊக்கத்தொகைக்குப் புள்ளி போடவேண்டும். மொத்தக் கிலோவைப் பார்த்தால் வருடா வருடம் அதே பத்துப் பேர்தான் மேலே. கங்காணிக்கு (வேலையை மேற்பார்ப்பவர்) வேண்டியவர்கள் என்று, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே பேச்சு. எங்கே பிழை?

மேட்டுலயம்:
கிலோ பாதி கையைச் சொல்லும், மீதி மலையைச் சொல்லும். வீ.பி. தேயிலை (தண்டு வெட்டி நட்டு வளர்த்த, கூடுதல் விளைச்சல் தரும் செடி) நிற்கும் மலையும், செடி செத்து இடைவெளி விழுந்த பழைய மலையும் ஒன்றா? கவ்வாத்து வெட்டி, அதாவது செடியைத் தறித்து விட்டு, எத்தனை மாதம் என்பதும் இருக்கிறது. ஆகவே ஒருவர் எடுத்த கிலோவை அன்றைக்கு அதே மலையில் நின்றவர்களின் சராசரியால் வகுங்கள். சராசரி 20 இருக்கும் மலையில் 22 எடுத்தால் 1.1. சராசரி 15 மலையில் 18 எடுத்தவருக்கு 1.2. கிலோ குறைந்தவர்தான் இங்கே கெட்டிக்காரி. செக்ரோலில் (ஆட்களின் நாள்வேலைப் பதிவேடு) எல்லாக் கணக்கும் ஏற்கெனவே உண்டு.

பணியக்கணக்கு:
பிள்ளைப்பேற்று லீவில் போனவர்கள்?

மேட்டுலயம்:
வேலைக்கு வந்த நாட்களின் சராசரியை மட்டும் எடுங்கள். மொத்தக் கிலோ என்றாலே லீவு எடுத்தவருக்குத் தண்டனைதான்.

தராசடி:
அதற்கு முதலில் நிறுவையைப் பாருங்கள் அண்ணா. மழைநாளில் ஈரத்துக்கென்று எல்லோருக்கும் ஒரே 2 கிலோ கழித்தால், 10 கிலோ எடுத்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு போகும், 25 எடுத்தவருக்கு 8 வீதம்தான். வீதமாகக் கழியுங்கள். சாக்கின் எடையை வெறும் சாக்கை நிறுத்தே போடுங்கள், அதுவும் நனைந்த சாக்கை. தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஆட்கள் முன்னால் காட்டி, கிலோவைச் சத்தமாகச் சொல்லித் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

நிரைபிடி:
சராசரி போட்டாலும் ஒரு ஓட்டை இருக்கிறது: நல்ல நிரை, அதாவது ஆளுக்கு ஒதுக்கும் செடி வரிசை, யாருக்கு? ஒரே மலையிலும் ரோட்டோர நிரை வேறு, கல்லும் செங்குத்துமான நிரை வேறு. அதைப் பங்கிடுவது கங்காணி. அரசியல் நடக்கிற இடம் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக் குலுக்குங்கள், அல்லது வரிசையை மாற்றி விடுங்கள்.

தரத்தையும் விடவேண்டாம். கிலோ மட்டும் என்றால் முற்றல் இலையும் கூடையில் விழும். 100 கிராம் எடுத்து ஈரிலை ஒரு மொட்டைப் பிரித்து நிறுங்கள், யாருடைய கூடை என்று பிரிப்பவருக்குத் தெரியாமல்.

பட்டியலை மாதாமாதம் ஒட்டி, ஆட்சேபிக்க ஒரு வாரம் கொடுங்கள். டிசம்பரில் ஒட்டினால் சண்டைதான் மிச்சம். சம்பள நிர்ணய சபை வைத்த நாட்சம்பளத்தில், 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்டதே அதில், இந்தப் புள்ளியை வைத்துக் கை வைக்கவே கூடாது. கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் போடுகிற அரைப்பேர்ச் சண்டையையும் இதோடு குழப்பாதீர்கள்.