ஆயிரம் என்றால் எந்த ஆயிரம்?

தேனீ:
கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸை விட்டுப் பிரீமியம் விளம்பர வலையமைப்பு ஒன்றுக்கு மாறிய பிறகு, ஆயிரத்துக்கு 8 டாலராக இருந்த என் வலைத்தள வருமானம் 24 டாலராக, அதாவது மூன்று மடங்காக உயர்ந்திருக்கிறது. இன்னும் ஆட்சென்ஸிலேயே கிடப்பவர்கள் தங்கள் உழைப்பைத் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்றே சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:
மற்றவர்களைக் கிடப்பவர்கள் என்று சொல்லும் முன், எந்த ஆயிரம் என்பதைச் சொல்லியிருக்கலாம். ஆட்சென்ஸ் காட்டும் பக்க ஆர்பிஎம், ஆயிரம் பக்கப் பார்வைக்கான வருமானம்; மீடியாவைன் போன்ற பிரீமியம் வலையமைப்புகள் முன்னிறுத்துவதோ ஆயிரம் செஷனுக்கானது, அதாவது ஆயிரம் வருகைக்கானது. ஒருவர் ஒருமுறை வந்து மூன்று பக்கம் புரட்டினாலும் செஷன் ஒன்றுதான். உங்கள் தளத்தில் செஷனுக்கு எத்தனை பக்கம்? ஒன்றரைப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், அந்த 24 டாலர் பக்கக் கணக்கில் 16 டாலராகிவிடும். எட்டுக்குப் பதினாறு எத்தனை மடங்கு என்பதைப் பள்ளிப் பிள்ளையே சொல்லும்.

தேனீ:
வங்கிக்கு வரும் தொகைக்குச் செஷனும் தெரியாது, பக்கமும் தெரியாது. மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்குதான். முன்பு இத்தகைய வலையமைப்புக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவருக்கு இது கசப்பது இயல்பே.

கணக்குப்பிள்ளை:
நிராகரிக்கப்பட்டதை நான் மறைத்ததே இல்லை. அவர்கள் கேட்ட அளவுக்கு 4,000 செஷன் குறைந்தது, அவ்வளவுதான். வங்கி வரவையே பேசுவோம். எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிட்டீர்கள்? ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் விளம்பரதாரர்கள் தாராளமாகச் செலவிடுவதும், ஜனவரி பிறந்ததும் விளம்பர இடங்களுக்கான ஏலத்தொகை சரிவதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஜனவரி வரவுக்குப் பக்கத்தில் டிசம்பர் வரவை வைத்தால் ஆட்சென்ஸிலும் அதிசயம் நிகழும். மீண்டும் கேட்கிறேன்: செஷனுக்கு எத்தனை பக்கம்?

பழையபேனா:
விளம்பர வருமானத்தில் தளக்காரருக்குக் கிடைக்கும் பங்கை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஆட்சென்ஸ் தருவது ஏறத்தாழ 68 விழுக்காடு, மீடியாவைனின் அடிப்படைப் பங்கு 75. ஆனால் முன்னது, 100 டாலர் சேர்ந்துவிட்டால் அடுத்த மாதமே பணம் அனுப்பும். பின்னதில் மாதம் முடிந்து 65 நாள் காத்திருக்க வேண்டும்.

மின்மினி:
அந்த ஏழு விழுக்காட்டால் யாருக்கும் மூன்று மடங்கு வராது. ஒரே விளம்பர இடத்துக்குப் பலர் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும் ஹெட்டர் பிட்டிங் ஒரு காரணம். பக்கத்தில் செருகப்படும் விளம்பரங்களின் எண்ணிக்கை மற்றொன்று. தேனீயின் தளத்தில் பத்திக்குப் பத்தி விளம்பரம், அடியில் ஒட்டிக்கொண்டே வரும் பட்டை, மூலையில் தானாக ஓடும் காணொளி. கட்டுரையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேனீ:
மின்மினியின் தளத்தில் விளம்பரமும் இல்லை, வாசகரும் இல்லை. அந்தத் தூய்மையைக் காப்பது எளிது.

மின்மினி:
வாசகரை விரட்டிவிட்டு வருமானத்தை எண்ணுவதும் எளிதுதான்.

கணக்குப்பிள்ளை:
விளம்பர நெரிசலைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பழையபேனா அவர்களே, 65 நாளும் இங்கே கேள்வியல்ல. 24ஐ வகுக்க வேண்டிய ஓர் எண்ணை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். தளத்தின் வருகைக் கணக்கைக் காட்டும் அனலிடிக்ஸைத் திறந்தால் அரை நிமிடத்தில் கிடைக்கக்கூடிய அந்த எண்ணை விட்டுவிட்டு, என் பழைய விண்ணப்பத்தையும் பிறர் தளத்தின் வாசகர் எண்ணிக்கையையும் ஆராய இவருக்கு நேரம் இருக்கிறது.

தேனீ:
என் அனலிடிக்ஸை உங்களுக்குத் திறந்து காட்ட வேண்டிய கடமை எனக்கில்லை. மூன்று மடங்கு.

கணக்குப்பிள்ளை:
காட்ட வேண்டாம். இரண்டு மடங்கு.