இன்சூரன்ஸ் கமிஷனருக்குமா தேர்தல்? – கலிஃபோர்னியாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

ஆஸ்டின்ல இருந்து ஃப்ரீமாண்ட்டுக்கு வீடு மாத்திட்டு வந்த தம்பி கேட்டிருந்தார்: "இன்சூரன்ஸ் கமிஷனர் பதவிக்கெல்லாம் ஓட்டுக் கேக்குறாங்களே அண்ணா, நமக்குத்தான் ஓட்டே இல்லையே, இதுல நமக்கு என்ன?"

ஓட்டு இல்லைதான். ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிங்களை மாநிலத்துல கண்காணிக்கிற அதிகாரிதான் இந்த கமிஷனர். மாசாமாசம் ப்ரீமியம் கட்டுறது நாமதானே.

நம்ம ஊர்ல ஹைதராபாத்ல இருக்கிற ஐஆர்டிஏஐங்கிற இன்சூரன்ஸ் கண்காணிப்பு ஆணையம் நாடு முழுக்கப் பாத்துக்குது. இங்க அப்படி இல்ல. 1945ல வந்த மெக்காரன்–ஃபெர்குசன் சட்டப்படி இன்சூரன்ஸ் மாநிலத்தோட பொறுப்பு. நீங்க விட்டுட்டு வந்த டெக்சஸ் மாதிரி பெரும்பாலான இடத்துல கவர்னர் ஒரு ஆளை நியமிப்பார் (இங்க கவர்னர்னா நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, ராஜ்பவன் ஆள் இல்ல). 11 மாநிலத்துல மட்டும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்மாளுங்க குவியுற பே ஏரியா, சியாட்டில், அட்லாண்டா, ராலே நாலுமே அந்த 11க்குள்ள வருது.

கலிஃபோர்னியாவுல இது வந்த கதையே தனி. கார் இன்சூரன்ஸ் விலையில கடுப்பான ஜனங்க 1988 நவம்பர்ல ப்ரொபொசிஷன் 103க்கு (ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டு முடிவு பண்ற சட்டம்) ஓட்டுப் போட்டு, மயிரிழையில ஜெயிக்க வச்சாங்க. எதிர்த்து நின்ன கம்பெனிங்க கொட்டின பணம் 6 கோடி டாலருக்கு மேல. அந்தச் சட்டம் ரெண்டு காரியம் பண்ணுச்சு: கமிஷனர் தேர்தல்ல வரணும், அவர் சம்மதிக்காம கம்பெனி ரேட்டை ஏத்தக்கூடாது. 1990ல ஜான் கராமெண்டி முதல் ஆளா ஜெயிச்சார்.

உங்க பாக்கெட்டைத் தொடுறதும் இதே சட்டம்தான். கார் ப்ரீமியத்துக்கு முதல்ல பாக்க வேண்டியது உங்க டிரைவிங் ரெக்கார்ட், வருஷத்துக்கு எத்தனை மைல் ஓட்டுறீங்க, எத்தனை வருஷ அனுபவம், இந்த மூணும்தான். கிரெடிட் ஸ்கோரைப் பாக்கவே கூடாது. டெக்சஸ்ல பாப்பாங்க, உங்களுக்கே தெரியும். புதுசா வந்து ஸ்கோரே இல்லாதவங்களுக்கு இது பெரிய உபகாரம். 'குட் டிரைவர்'னா குறைஞ்சது 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தே ஆகணும். அதுக்கு மூணு வருஷ லைசென்ஸ் வேணும். ஆனா அமெரிக்காவுலயோ கனடாவுலயோ 18 மாசம் சுத்தமா ஓட்டியிருந்தா, மிச்சத்துக்கு ஊர் லைசென்ஸ் அனுபவத்தைக் காட்டலாம். அதனால அந்தப் பழைய தமிழ்நாட்டு லைசென்ஸைப் பத்திரமா வைங்க. ஏஜெண்ட் தானா கேக்க மாட்டார், நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நான் சொல்லாம ஒரு வருஷம் தண்டமா கட்டினேன்.

இன்னொரு வேடிக்கை. 7 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னு கம்பெனி கேட்டு, யாராவது ஆட்சேபிச்சு விசாரணை கேட்டா, கமிஷனர் பொது விசாரணை நடத்தியே ஆகணும். அதனாலதான் நிறைய விண்ணப்பம் கரெக்டா 6.9னு வந்து நிக்குது!

சரி, தேர்தல்ல வந்தா யோக்கியமா இருப்பாங்களான்னா, அதுக்கு உத்தரவாதம் இல்ல. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துல கிளெய்ம்ஸை இழுத்தடிச்ச கம்பெனிங்களுக்குப் பெரிய அபராதம் போடாம, தான் உருவாக்கின அறக்கட்டளைகளுக்குப் பணம் கட்ட வச்சு, அதுல தன் முகம் வர்ற டிவி விளம்பரம் போட்டார் அப்ப இங்க கமிஷனரா இருந்த சக் குவாக்கென்புஷ். 2000ல ராஜினாமா. லூசியானாவுல அடுத்தடுத்து மூணு கமிஷனர் ஜெயிலுக்கே போனாங்க. நியமன ஆளுங்க ஒழுங்கானவங்கன்னு நான் சொல்ல வரல. என் கணக்குல ஆள் எப்படி வர்றார்ங்கிறதை விட, ரேட்டை ஏத்துறதுக்கு முன்னாடி வெளிப்படையாக் கணக்குக் காட்டணும்ங்கிற விதிதான் நமக்குக் காவல்.

அந்தக் காவலுக்கும் ஒரு விலை உண்டு. ஏத்தவிடாம இழுத்துப் பிடிச்சா கம்பெனி கடையைச் சாத்திடும். ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாசம் இங்க புது வீட்டு பாலிசி கொடுக்கிறதையே நிறுத்துச்சு. யாரும் கொடுக்கலைன்னா கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான். விலை அதிகம், கவரேஜ் கம்மி. மலையோரமா, காட்டோரமா வீடு பாக்குறவங்க முதல்ல இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும்னு கோட் (quote) வாங்குங்க, அப்புறமா வீட்டுக்கு ஆஃபர் போடுங்க.

கிளெய்ம்ல தகராறுன்னா மாநில இன்சூரன்ஸ் இலாகாவுல ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. ஹெச்-1பியா, சிட்டிசனான்னு பிரச்சனையே இல்ல. இலாகா கம்பெனிகிட்ட எழுத்துல பதில் வாங்கும். பாலிசி நம்பர், தேதி, யார்கிட்ட பேசினீங்கன்னு குறிச்சு வைங்க. மெடிக்கல் மட்டும் கொஞ்சம் சிக்கல். ஹெச்எம்ஓ பிளான்னா (அவங்க வட்டத்துல இருக்கிற டாக்டர்கிட்ட மட்டும் போற பிளான்) 'மேனேஜ்டு ஹெல்த் கேர்'ங்கிற வேற இலாகா. உங்க கம்பெனியே செலவை ஏத்துக்கிற 'செல்ஃப் ஃபண்டட்' பிளான்னா மாநிலத்துக்கே அதிகாரம் இல்ல, மத்திய தொழிலாளர் துறைக்குப் போகணும். உங்களது எந்த ரகம்னு ஹெச்ஆர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

தம்பி கேட்ட தேர்தல் விஷயம்: இப்ப இருக்கிற ரிக்கார்டோ லாராவுக்கு ரெண்டு தவணை முடியுது, 2026 நவம்பர்ல வேற ஆள்தான். தேர்தல் கூட்டத்துக்குப் போங்க, கேள்வி கேளுங்க. ஆனா கிரீன் கார்டு இல்லாம பத்து டாலர்கூட நன்கொடை கொடுக்காதீங்க, சட்டப்படி தப்பு. டிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ்) ஃபார்ம்ல "சிட்டிசனா"ன்னு கேக்குற இடத்துல அவசரத்துல டிக் பண்ணிடாதீங்க. அந்த ஒரு டிக் பின்னாடி கிரீன் கார்டுக்கே வேட்டு வைக்கும்.